கொயோட்டி, நரி வேட்டையில் தோல் கெடாமல் இருக்க எந்தத் தோட்டா? முழுமையான வழிகாட்டி

கொயோட்டி (வட அமெரிக்காவில் குள்ளநரி போல இருக்கும் காட்டு விலங்கு) விழுந்த இடத்துக்குப் பனியில் கால் புதையப் புதைய நடந்து போகிறீர்கள். மேல்பக்கம் விலா மேல் ஒரு சின்னப் புள்ளி, முடியில் துளி ரத்தம். சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே புரட்டிப் போட்டால், அடிப்பக்கம் உள்ளங்கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கிறது. என் முதல் குளிர்காலத்தில் நான் சுட்ட ஐந்தில் மூன்று இப்படித்தான் வீணாயின. துப்பாக்கியில் குறை இல்லை, குறியிலும் குறை இல்லை. மான் வேட்டைக்கு வாங்கி மிச்சம் இருந்த தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனதுதான் தப்பு.

நான் இருப்பது கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில். இப்போது ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டு மூன்று புதியவர்கள் என்னோடு வருகிறார்கள். எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். கடைக்குப் போய் "எந்தத் தோட்டா நல்லது?" என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். விலங்கைத் தொடும் நேரத்தில் குண்டு எவ்வளவு வேகத்தில் இருக்கும், அந்த வேகத்தில் அது உள்ளே போய் என்ன ஆகும் என்ற இரண்டையும் முதலில் யோசித்துவிட்டால், எந்தப் பெட்டி என்பது கடைசியில் தானாக வந்துவிடும். கீழே இருப்பது அந்த வரிசைதான். அதை மாற்றாமல் போங்கள்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தோட்டா என்று நான் எழுதுவது பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருளை. குண்டு என்றால் குழலிலிருந்து பறந்து போகும் பகுதி மட்டும். குண்டின் எடையை இங்கே கிரெய்னில் சொல்வார்கள். ஏறக்குறைய பதினைந்தரை கிரெய்ன் ஒரு கிராம். தூரத்தைக் கெஜத்தில் சொல்கிறேன், தோட்டாப் பெட்டிகளில் அப்படித்தான் போட்டிருக்கும்.

தொடங்கும் முன் வேண்டியவை

துப்பாக்கி உரிமம், வேட்டைப் பயிற்சிச் சான்று, தோல் விற்பதாக இருந்தால் அதற்கான மாகாண உரிமம், நிலத்துக்காரரின் அனுமதி. சஸ்காட்செவனில் 2022 தொடக்கத்திலிருந்து அடுத்தவர் நிலத்தில் வேட்டையாட முன்கூட்டியே சம்மதம் வாங்கியாக வேண்டும். மற்ற மாகாணங்களிலும் அமெரிக்க மாநிலங்களிலும் விதிகள் வேறு. குண்டின் வகைக்கேகூட விதி உண்டு: கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் ஈயக் குண்டை வைத்து எந்த வேட்டையும் செய்யக் கூடாது. பெட்டி வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊர் விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அங்கே நரி வேட்டை குற்றம். இது அங்கே செய்து பார்ப்பதற்கான குறிப்பு இல்லை.

கருவிகளில் தூரமானி ஒன்று, ஒரு நோட்டு, ஒரு அங்குல நாடா. நோட்டும் நாடாவும் எதற்கு என்று ஒன்பதாவது படியில் தெரியும்.

காலமும் முக்கியம். நவம்பர் பின்பாதியிலிருந்து ஜனவரி வரை முடி அடர்த்தியாக இருக்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் கொயோட்டியின் முதுகிலும் இடுப்பிலும் முடி தேய்ந்து போகும். தேய்ந்த தோலை எந்தத் தோட்டாவும் காப்பாற்றாது.

1. விலங்கையும் தூரத்தையும் முதலில் எழுதுங்கள்

"150 கெஜம் வரை சுடுவேன்" என்று எல்லாரும் சொல்வார்கள். போன வருடம் நீங்கள் உண்மையில் சுட்ட தூரங்களை எழுதிப் பாருங்கள். முயல் அலறல் சத்தம் போட்டு அழைத்தால், புதர் ஓரத்தில் இருப்பவருக்குக் கொயோட்டி 40, 60 கெஜத்துக்குள் வந்து நிற்கும். திறந்த வயல்வெளியில் அது 200 கெஜத்திலேயே நின்று யோசிக்கும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே தோட்டா ஒத்துவராது.

விலங்கின் உடம்பையும் சரியாகக் கணக்கில் எடுங்கள். குளிர்கால முடி ஏமாற்றும். கொயோட்டி பெரும்பாலும் 10 முதல் 18 கிலோவுக்குள்தான் இருக்கும். செந்நரி 3 முதல் 7 கிலோ. உரித்த பிறகு கொயோட்டியின் மார்புக்கூட்டை அளந்து பாருங்கள், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒரு சாண்கூட இருக்காது. அந்த ஒரு சாணுக்குள் குண்டு தன் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். மானுக்கான குண்டு மெதுவாக விரிந்து ஆழமாகப் போகும்படி செய்யப்பட்டது. கொயோட்டிக்குள் அது விரியத் தொடங்கும்போதே மறுபக்கத் தோல் வந்துவிடுகிறது.

2. இரண்டு வழி, நடுவில் ஒரு பள்ளம்

தோலைக் காப்பாற்ற இரண்டே வழி. ஒன்று, குண்டு சின்ன ஓட்டையோடு உள்ளே போய், அங்கேயே தூளாகி, வெளியே வராமல் நின்றுவிடுவது. மற்றது, விரியாமலே ஊசி போலப் போய் ஊசி போல வெளியேறுவது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற குண்டு, அதாவது பாதி விரிந்த நிலையில் எலும்புத் துண்டுகளையும் தள்ளிக்கொண்டு வெளியேறுவது, அதுதான் உள்ளங்கை அளவு ஓட்டை போடும்.

முதல் வழிக்கு மெல்லிய செம்பு உறையும் பிளாஸ்டிக் முனையும் உள்ள குண்டுகள் இருக்கின்றன. ஹார்னடியின் வி-மேக்ஸ், நாஸ்லரின் பாலிஸ்டிக் டிப் வார்மிண்ட், சியராவின் பிளிட்ஸ்கிங் ஆகியவை இந்த ரகம். ஈயம் கூடாத இடங்களில் பார்ன்ஸின் வார்மிண்ட் கிரனேட் உண்டு. அதன் உள்ளே ஈயத்துக்குப் பதிலாகச் செம்பு, வெள்ளீயப் பொடியை அழுத்தி வைத்திருப்பார்கள். பட்டதும் முனை பின்னோக்கித் தள்ளப்பட்டு, உறை கிழிந்து, உள்ளே இருப்பது சிதறிவிடும்.

இரண்டாவது வழி எஃப்.எம்.ஜே., முழு உறைக் குண்டு. விலை குறைவு, அதனால் புதியவர்கள் கை முதலில் அதன் பக்கம்தான் போகும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. காரணம் மூன்று. நுரையீரல் வழியாக ஊசித் துளை போட்டால் விலங்கு வெகுதூரம் ஓடும். பனிக்காற்றில் தடம் மூடிவிட்டால் தோலும் போச்சு, ஒரு உயிரை வதைத்த பாவமும் மிச்சம். அடுத்து, கெட்டியான தரையில் பட்டுத் தெறித்துப் பறக்கும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை: .223 காலிபரில் (காலிபர் என்றால் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவின் அளவு வகை) வரும் சாதாரண 55 கிரெய்ன் எஃப்.எம்.ஜே. வினாடிக்கு 2700 அடிக்கு மேல் பட்டால் உடம்புக்குள் குறுக்கே திரும்பி, குண்டின் நடுவில் சுற்றி உள்ள பள்ளக் கோட்டில் உடைந்துவிடக்கூடும். அதாவது 100 கெஜத்துக்குள் நீங்கள் நம்பி இருக்கும் ஊசித் துளை கிடைக்காமலே போகலாம். இதோடு, சில இடங்களில் வேட்டைக்கு முழு உறைக் குண்டு கூடாது என்று விதியும் இருக்கிறது.

இந்த வழிகாட்டியின் மீதி எல்லாம் முதல் வழியைப் பற்றியதே.

3. குண்டு சேரும் வேகத்தைக் கணக்கிடுங்கள்

பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது குழல்வாய் வேகம். உங்களுக்கு வேண்டியது பின்பக்கச் சின்ன அட்டவணை. உதாரணத்துக்கு .223-இல் 55 கிரெய்ன் வி-மேக்ஸ்: குழல்வாயில் வினாடிக்கு 3240 அடி, 100 கெஜத்தில் ஏறக்குறைய 2850, 200-இல் 2500. அதே 55 கிரெய்ன் குண்டு .22-250-இல் 3680-இல் கிளம்பி, 100 கெஜத்தில் 3250 சுமாருக்கு இறங்கும். அதாவது .22-250 நூறு கெஜத்தில் செய்வதை .223 குழல்வாயிலேயே செய்கிறது. ஒரே குண்டு, ஒரே எடை, காலிபர் மட்டும் வேறு. ஆனால் 50 கெஜத்தில் நிற்கும் நரிக்கு இரண்டும் ஒன்றில்லை.

வேகம் அதிகமானால் குண்டு தோலுக்கு அருகிலேயே உடையும். மிக அதிகமானால் தோலின் மேலேயே வெடித்து, உள்ளே போகாமல், நுழைந்த இடத்திலேயே ஒரு குழி பறித்துவிடும். இங்கே இதை 'ஸ்ப்ளாஷ்' என்பார்கள். வேகம் குறைந்தால் உடையாமல், பாதி விரிந்து வெளியே போகும். ஆகவே உங்கள் குண்டுக்கு ஒரு மேல் எல்லையும் ஒரு கீழ் எல்லையும் இருக்கின்றன. முதல் படியில் எழுதிய தூரம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். விழவில்லை என்றால் துப்பாக்கியை மாற்றாதீர்கள், குண்டின் எடையை மாற்றுங்கள். செலவு குறைவு.

4. கையில் உள்ள காலிபரை வைத்து எடையைத் தேர்ந்தெடுங்கள்

பத்து காலிபரைப் பற்றி எழுதலாம். பலரிடமும் இருப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

.17 எச்.எம்.ஆர்.: 17 கிரெய்ன், வினாடிக்கு 2550 அடி, நூறு கெஜத்தில் 1900. செந்நரிக்கும் ரக்கூனுக்கும் பிரமாதம், பெரும்பாலும் குண்டு வெளியே வராது. கொயோட்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 60 கெஜத்துக்குள் அசையாமல் நின்றால் முடியும் என்று சொல்பவர்கள் உண்டு. தோள் எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்று அவர்களிடம் கேளுங்கள். மேலே ஒரு காயம் மட்டும் ஆகி விலங்கு போய்விடும்.

.22 ஹார்னெட்: 35 கிரெய்ன் வி-மேக்ஸ், 3100 அடி. 150 கெஜத்துக்குள் நரிக்கும் கொயோட்டிக்கும் தோலைக் கெடுக்காத தோட்டா. கடைகளில் சுலபமாகக் கிடைக்காது என்பதுதான் சங்கடம்.

.204 ரூகர்: 32 கிரெய்ன் 4225 அடியில் கிளம்பும், 40 கிரெய்ன் 3900 அடியில். தோல் விற்பவர்கள் பலர் விரும்புவது இதை. ஆனால் 32 கிரெய்னைப் பக்கத்தில் வைத்துச் சுடாதீர்கள். என்னோடு வந்த ஒருவர் 30 கெஜத்தில் தோளில் சுட்டார். வெளியேறிய ஓட்டை இல்லை, உண்மைதான். நுழைந்த பக்கத்தில் தோள்பட்டை முழுக்கத் திறந்து கிடந்தது. கொயோட்டிக்கு 40 கிரெய்ன் நிதானமானது, 32-ஐ நரிக்கும் தூரமான சூட்டுக்கும் வையுங்கள்.

.223: பெரும்பாலானவரிடம் இருப்பது இதுதான், குழப்பமும் இதில்தான், ஏனென்றால் 35 கிரெய்னிலிருந்து 77 கிரெய்ன் வரை கிடைக்கிறது. தோலுக்காக என்றால் 40 அல்லது 50 கிரெய்ன் பிளாஸ்டிக் முனையில் தொடங்குங்கள். 55-உம் பல நேரம் உள்ளேயே நிற்கும், ஆனால் விலாவுக்கு நடுவில் எலும்பு படாமல் போனால் வெளியே வந்துவிடுகிறது. 60-க்கு மேல் போகவே வேண்டாம்.

.22-250, .243: இரண்டும் தோலுக்கு மிஞ்சிய பலம். .22-250 மட்டும்தான் இருக்கிறது என்றால் நெருங்கிய தூரத்தைத் தவிர்த்து, 150 கெஜத்துக்கு மேல் பயன்படுத்துங்கள். .243-இல் 58 கிரெய்ன் வி-மேக்ஸ் கிடைக்கிறது, காற்று பலமான நாளில் கைகொடுக்கும். ஆனால் அதில் சுட்ட நாளெல்லாம் ஊசி நூலோடு உட்கார வேண்டும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

புதர்க்காட்டில் 35 கெஜத்துக்குள்தான் சுடுவீர்கள் என்றால், ரைஃபிளே வேண்டாம். ஒரே சூட்டில் சின்னக் குண்டுகள் பல சிதறும் ஷாட்கன் எடுத்துப் போங்கள். சின்னச் சின்ன ஓட்டைகள் பல விழும், அவை பெரும்பாலும் முடிக்குள் மறைந்துவிடும்.

5. குழலின் புரியைப் பாருங்கள்

இதை எல்லாரும் தாவிக் குதித்துவிடுகிறார்கள். குழலின் உள்ளே இருக்கும் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்பது பல துப்பாக்கிகளில் குழலின் மேலேயே பொறித்திருக்கும்: 1:12, 1:9, 1:8, 1:7. குண்டின் வேகத்தை 720-ஆல் பெருக்கி இந்த அங்குலத்தால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். 3240 அடி வேகத்தில் 1:12 குழலில் 1,94,400 சுற்று. 1:8 குழலில் 2,91,600. ஒன்றரை மடங்கு.

இவ்வளவு வேகமாகச் சுழலும் மெல்லிய உறை, தோலைத் தொட்டதும் தன் சுழற்சியாலேயே பிய்ந்து சிதறும். அதனால் உங்கள் நண்பரின் பழைய 1:12 துப்பாக்கியில் அழகாக வேலை செய்த 40 கிரெய்ன் குண்டு, உங்கள் புது 1:7 துப்பாக்கியில் மேலேயே வெடிக்கலாம். மிக மெல்லிய உறையாக இருந்தால் விலங்கைச் சேரும் முன்பே காற்றில் சிதறியதும் உண்டு. குறிப்பலகையில் ஓட்டைக்குப் பதில் சாம்பல் நிறக் கறை தெரியும். 1:8, 1:7 குழல் வைத்திருப்பவர்கள் 40-ஐ விட்டுவிட்டு 50, 53 கிரெய்னில் தொடங்குங்கள்.

6. பெட்டியை எப்படிப் படிப்பது

"அண்ணே, பெட்டியிலேயே கொயோட்டி படம் போட்டிருக்கே" என்று போன டிசம்பரில் ஒரு தம்பி வாதாடினார். படம் விற்பதற்காகப் போட்டது. 'வார்மிண்ட்' (தொல்லை தரும் விலங்கு), 'பிரிடேட்டர்' (இரை பிடிக்கும் விலங்கு) என்ற சொற்களும் அப்படித்தான். அந்த வார்த்தையோடு விற்கும் சில குண்டுகள், விலங்கை அங்கேயே வீழ்த்த வேண்டும், தோலைப் பற்றிக் கவலை இல்லை என்று நினைக்கும் பண்ணைக்காரருக்காகச் செய்தவை.

படிக்க வேண்டியது மூன்று: குண்டின் பெயர், எடை, 100 கெஜ வேகம். 'பாண்டட்' என்றோ, எடை குறையாமல் நிற்கும் என்றோ எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். உறையையும் ஈயத்தையும் ஒட்டவைத்து உடையாமல் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முனையில் ஈயம் தெரிகிற 'சாஃப்ட் பாயிண்ட்' நான் முன்னே சொன்ன நடுப்பள்ளத்தில் விழுகிற ரகம். 'ஹாலோ பாயிண்ட்' என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்: போட்டிக்குச் சுடும் குண்டுகளுக்கும் முனையில் துளை இருக்கும், அவற்றில் பல விரிவதற்காகச் செய்யப்படாதவை.

ஒரே ரகத்தில் பத்து பெட்டி வாங்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து எடையில் இரண்டு ரகம், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. மீதியை அடுத்த படி சொல்லும்.

7. தண்ணீர் ஜக் சோதனை

நாலு லிட்டர் பால் ஜக்குகளைக் கழுவி, வாய் வரை தண்ணீர் நிரப்பி, மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வையுங்கள். பின்னால் நல்ல மண்மேடு இருக்க வேண்டும். உங்கள் வழக்கமான தூரத்திலிருந்து சுடுங்கள். ஒரு ஜக்கின் கனம் கொயோட்டியின் மார்புக்கூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம், அதனால்தான் இந்தச் சோதனை.

முதல் ஜக் வெடித்து, இரண்டாவதில் சில துணுக்குகள் மட்டும் இருந்தால் நல்லது. மூன்றாவதுவரை குண்டு போயிருந்தால் அது விலங்கையும் தாண்டிப் போகும். முதல் ஜக்கின் முன்முகமே பெரிதாகக் கிழிந்து, இரண்டாவது ஜக் கீறல் இல்லாமல் நின்றால், அந்தத் தூரத்துக்கு அந்தக் குண்டு மிக மெல்லியது. நுரையீரலில் காற்று இருப்பதால் உடம்பு தண்ணீரை விட மென்மையானது, அதையும் நினைவில் வையுங்கள். ஜக்கில் மயிரிழையில் நின்ற குண்டு விலங்கில் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டு ரகத்தையும் ஒப்பிடத்தான் இது.

8. குளிரிலேயே ஜீரோ செய்யுங்கள், இடம் பார்த்துச் சுடுங்கள்

செப்டம்பரில் ஜீரோ செய்த, அதாவது குறி வைக்கும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் (குறி பார்க்கும் தொலைநோக்கி) சரிசெய்த துப்பாக்கியை ஜனவரியில் மைனஸ் 25 டிகிரியில் எடுத்தால், பல மருந்துகள் வேகம் குறைந்து எரியும், காற்றும் அடர்த்தி. குறி கொஞ்சம் கீழே இறங்கும். தோட்டாவை மாற்றினாலும் குறி மாறும். ஆகவே புதுத் தோட்டா முடிவானதும், வேட்டைக்குப் போகும் அதே குளிரில், துப்பாக்கியை வெளியே வைத்து ஆறவிட்டுப் பிறகு ஜீரோ செய்யுங்கள். கிட்டத்திலும் இரண்டு சுட்டுப் பாருங்கள்: ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருப்பதால் 20, 25 கெஜத்தில் குண்டு ஓர் அங்குலம் கீழே விழும். நரிக்கு அந்த ஓர் அங்குலம் பெரிது.

எங்கே சுடுவது என்பதில் என் முதல் விருப்பம் நேருக்கு நேர். அழைப்புக்கு வரும் கொயோட்டி பெரும்பாலும் உங்களைப் பார்த்தபடிதான் நிற்கும். கழுத்து மார்போடு சேரும் குழியில் பட்டால் குண்டுக்கு உடம்பின் முழு நீளமும் கிடைக்கிறது, வெளியே வர வழியே இல்லை. பக்கவாட்டில் நின்றால் தோளுக்குப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில். தோள் எலும்பைத் தொடாதீர்கள். மெல்லிய குண்டு மேலேயே வெடிப்பது அங்கேதான். பின்னுக்குத் தள்ளிப் போனால் வயிறு கிழிந்து, உள்ளே இருப்பது கசிந்து, வயிற்றுத் தோலில் முடி உதிரத் தொடங்கும்.

சாய்வாக உங்களை நோக்கி நிற்பதைச் சுடாதீர்கள். காத்திருங்கள். குரைப்பது போல ஒரு சத்தம் கொடுத்தால் பெரும்பாலும் நின்று நேராகத் திரும்பிப் பார்க்கும். ஓடுவதைச் சுடுவது தோலுக்குக் கேடு, எங்கே படும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆனால் அடிபட்டு எழுந்திருக்கப் பார்க்கும் விலங்குக்கு இரண்டாவது குண்டைத் தயங்காமல் கொடுங்கள். அந்த நேரத்தில் தோலைப் பற்றி யோசிக்கக் கூடாது.

9. உரிக்கும்போது அளந்து எழுதுங்கள்

நோட்டையும் நாடாவையும் இங்கே எடுங்கள். தேதி, தூரம், தோட்டா, நின்ற நிலை, நுழைந்த ஓட்டை எத்தனை அங்குலம், வெளியேறியது உண்டா, எலும்பில் பட்டதா. முடி இருக்கும் பக்கம் அளக்காதீர்கள், அங்கே ஓட்டை சின்னதாகத் தெரியும். உரித்துத் திருப்பிய பிறகு, சதைப் பக்கம்.

என் நோட்டில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். ".223, 50 கிரெய்ன், 70 கெஜம், நேர்மார்பு, நுழைவு கால் அங்குலம், வெளியேறல் இல்லை. அதே தோட்டா, 45 கெஜம், பக்கவாட்டு, தோளில் பட்டது, நுழைவு இரண்டரை அங்குலம். அதே தோட்டா, 180 கெஜம், விலா நடுவில், நுழைவு தேட வேண்டியிருந்தது, வெளியேறல் ஒன்றேகால்." மூன்றும் ஒரே பெட்டியில் இருந்த தோட்டாக்கள். இரண்டாவது என் தப்பு, மூன்றாவது தூரத்தின் தப்பு. ஒரு கெட்ட தோலைப் பார்த்ததும் தோட்டாவை மாற்றுபவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடுகிறது. ஒரே தோட்டாவில் ஏழெட்டு விலங்காவது எழுதிய பிறகு முடிவு செய்யுங்கள்.

கையுறை கட்டாயம். இந்தச் சமவெளியின் கொயோட்டி, நரிகளில் மனிதருக்கு ஒட்டக்கூடிய நாடாப்புழு இருக்கிறது, சொறி பிடித்தவையும் நிறைய. சொறியால் முடி கொட்டிய விலங்கின் தோலுக்கு விலையே கிடையாது, உரிக்காதீர்கள்.

உரித்த உடலை வயலில் போட்டுவிட்டு வராதீர்கள். நாம் தேர்ந்தெடுத்திருப்பதே தூளாகும் குண்டு. ஈயத் துணுக்குகள் சதை முழுக்கப் பரவி இருக்கும். அதைத் தின்னும் கழுகுக்கும் அண்டங்காக்கைக்கும் அது விஷம். புதையுங்கள், அல்லது உங்கள் நகராட்சி அனுமதிக்கும் குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோங்கள்.

10. ஓட்டை விழுந்துவிட்டால்

விழும். எனக்கு இன்றும் விழுகிறது. ரத்தத்தை உறையவிடாமல், குளிர்ந்த நீரில் முடியைக் கழுவி விடுங்கள். சுடுநீர் கறையை நிலைக்கச் செய்துவிடும். கொழுப்பை வழித்து எடுத்த பிறகு, தோலை விரித்துக் காயவைக்கும் பலகையில் ஏற்றுவதற்கு முன், தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே தைக்க வேண்டும். காய்ந்த பின் ஊசி இறங்காது, இழுத்தால் கிழியும்.

வட்ட ஓட்டையை வட்டமாகவே தைத்தால் இரண்டு முனையிலும் சுருக்கு விழும். அதனால் கூரிய கத்தியால் சதைப் பக்கத்திலிருந்து அதை ஒரு கண் வடிவத்துக்கு வெட்டுங்கள், நீளவாக்கு தலையிலிருந்து வாலை நோக்கி இருக்கட்டும். முடி மடங்கி உள்ளே மாட்டாதபடி விரலால் ஒதுக்கிக்கொண்டே, நெருக்கமான சின்னத் தையலாகப் போடுங்கள். நூலை இறுக்கி இழுக்காதீர்கள், இரண்டு விளிம்பும் தொட்டால் போதும்.

இரண்டு அங்குலத்துக்குள் உள்ள ஓட்டையை இப்படித் தைத்தால் முடி பக்கம் கண்டுபிடிப்பது கஷ்டம். வாங்க வருபவர் எப்படியும் கண்டுபிடிப்பார், உள்ளே கையை விட்டுத் தடவுவார், முடியை வாயால் ஊதிப் பார்ப்பார். கனடா கூஸ் நிறுவனம் 2022 முடிவோடு தன் உடுப்புகளில் விலங்கு முடி வைப்பதை நிறுத்திய பிறகு, சமவெளிக் கொயோட்டிக்கு முன்பிருந்த கிராக்கி இல்லை. வாங்குபவர் பொறுக்கித்தான் எடுக்கிறார். தைத்த இடத்தை அவராகத் தேடும் முன் நானே விரலால் காட்டிவிடுவேன். அதற்குத் தரத்தைக் குறைத்தாலும், அடுத்த தோலை அவ்வளவு சந்தேகத்தோடு தடவ மாட்டார்.